ஆட்டோ நொறுங்கினால் பணம் யாருக்கு?

பெங்களூரில் கடனுக்கு ஆட்டோ வாங்கி ஓட்டுபவர்கள் நிறைய. லாரி மோதி ஆட்டோ நொறுங்கிவிட்டது என்று வையுங்கள். ஆள் பிழைத்தார். ஆட்டோ பிழைக்கவில்லை. தவணை நிற்குமா? நிற்காது.

முதலில் இன்சூரன்ஸ் தாளைப் பாருங்கள். 'மூன்றாம் நபர்' இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் உங்கள் கம்பெனி உங்கள் ஆட்டோவுக்குப் பணம் தராது. முழு இன்சூரன்ஸ் வேண்டும்.

விபத்து நடந்ததும் போலீசுக்கும் கம்பெனிக்கும் சொல்லுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் வரை வண்டியைப் பிரிக்காதீர்கள். இன்சூரன்ஸ் தாளில் வண்டியின் மதிப்பு எழுதியிருக்கும். ரிப்பேர் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு நஷ்டம்.

இனி கணக்கு. வண்டி மதிப்பு 1,50,000 ரூபாய். கடன் பாக்கி 1,10,000 ரூபாய். ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயரும் இருக்கிறது அல்லவா? அதனால் பணம் முதலில் அவருக்குத்தான் போகும். மீதி 40,000 ரூபாய் உங்களுக்கு. அதிலும் கம்பெனி கொஞ்சம் பிடிக்கும். பாக்கி வண்டி மதிப்பைவிட அதிகமா? மிச்சத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

பணம் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை தவணையை விடாதீர்கள். வட்டி ஏறினால் உங்கள் 40,000 ரூபாய்தான் கரையும். பாக்கிக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். கடன் தீர்ந்ததும் 'பாக்கி இல்லை' என்ற கடிதம் வாங்குங்கள்.

கம்பெனி பணம் தர மறுக்கிறதா? முதலில் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். அவர் அலுவலகம் ஜே.பி. நகரில், ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. வக்கீலும் வேண்டாம்.