வெயிலைக் கணக்கிட்டு எழுந்த கோபுரம்

துபாயின் ஷேக் சையத் சாலைத் தொடக்கத்தில் 149 மீட்டர் உயரத்தில் 39 தளங்களுடன் நிற்கும் ஷேக் ரஷீத் கோபுரம், 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவைப் பார்த்துப் பழகிய கண்களுக்குச் சிறியதாகத் தோன்றினாலும், 1999இல் புர்ஜ் அல் அரப் எழும்வரை அந்நகரின் மிக உயர்ந்த கட்டடம் அதுவே.

இதை வடிவமைத்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜான் ஹாரிஸ், எண்ணெய் வளம் கண்டறியப்பட்ட 1966ஆம் ஆண்டுக்கு முன்பே, 1960இல், துபாய்க்கு முதல் நகரமைப்புத் திட்டத்தை வரைந்தவர். ஆட்சியாளர் ஷேக் ரஷீத் பின் சயீத் அல் மக்தூம், இக்கோபுரம் அடங்கிய உலக வர்த்தக மையத்துக்குத் தேர்ந்த இடமோ, கிரீக் என்னும் கடற்கழியின் கரைகளில் நெருங்கியிருந்த கடைவீதிகளிலிருந்து வெகுதூரம் விலகிய மணல்வெளி. ஆயினும் பின்னாளில் நகரம் அத்திசையிலேயே வளர்ந்ததால் அம்முடிவின் தொலைநோக்கு மெய்ப்பட்டது. 1979இல் பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத் இதைத் திறந்துவைத்தார்.

இக்கோபுரத்தின் உண்மையான சிறப்பு உயரத்தில் இல்லை, நிழலில் இருக்கிறது. கண்ணாடி, சூரிய ஒளியை எளிதில் உள்ளே விட்டுவிடும். அவ்வொளியால் சூடேறிய தரையும் மேசையும் உமிழும் நீள்அலை வெப்பத்தையோ எளிதில் வெளியே விடாது. ஆகவே உள்ளே திரைச்சீலை தொங்கவிடுவதைவிட, வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுப்பது பன்மடங்கு பயன் தரும். அதற்காகவே ஹாரிஸ் சன்னல்களை உள்வாங்கி அமைத்து, அவற்றின் முன்னே வளைவுகள் கொண்ட கான்கிரீட் சட்டங்களைத் தேன்கூடுபோல் வரிசை வரிசையாக நிறுத்தினார்.

துபாய் ஏறத்தாழ 25 பாகை வட அகலாங்கில் அமைந்திருப்பதால், ஜூன் மாத நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது; அப்போது சன்னலுக்கு மேலுள்ள கிடைச்சட்டம் சிறிதளவு நீண்டிருந்தாலே போதும். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து சாய்வாக வரும்போது மேற்சட்டம் அவ்வளவாக உதவாது, பக்கவாட்டில் நிற்கும் செங்குத்துச் சட்டங்களே வெயிலின் பெரும்பகுதியை மறிக்கும். இரண்டும் சேர்ந்த கட்டமைப்பு அறைகளுக்குள் நுழையும் வெப்பத்தைக் குறைக்கிறது. குளிர்சாதனம் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு, அதாவது குளிரூட்டுச் சுமை, அதனால் தணிகிறது. மேற்குப் பார்த்த வீடுகளில் பிற்பகலில் ஏசி படும் பாட்டை துபாயின் அல் குசைஸ் பகுதி அடுக்ககவாசிகள் நன்கறிவர். பின்னர் எழுந்த கண்ணாடிக் கோபுரங்கள் பலவற்றைவிட இக்கட்டடம் இம்மண்ணின் வெயிலுக்கு நேர்மையாக விடைசொல்கிறது என்பதில் ஐயமில்லை.

பன்னாட்டு நிறுவனங்கள் இதில் அலுவலகம் கொண்டன. அருகே கண்காட்சி அரங்குகள் பெருகின. 1981 முதல் நடந்துவரும் ஜிடெக்ஸ் கணினிக் கண்காட்சியும் இங்கேதான் வேர்விட்டது. 100 திர்ஹம் தாளின் முன்புறத்தில் பழைய அல் ஃபஹீதி கோட்டையும் பின்புறத்தில் இக்கோபுரமும் நெடுங்காலம் அச்சிடப்பட்டிருந்தன.

அல் குசைஸ் நிலையத்தில் பச்சை வழி மெட்ரோவில் ஏறி, யூனியனில் சிவப்பு வழிக்கு மாறினால் உலக வர்த்தக மைய நிலையத்தில் இறங்கலாம்; பிற்பகலில் செல்வோர் மேற்கு முகப்பை அண்ணாந்து பார்த்து, சன்னல்களில் எவ்வளவு பகுதி நிழலில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.