தீயவன் என்னும் பெயர் பூண்ட நண்பன்

நட்பின் உறுதி இன்பக் காலத்தில் விளங்குவதன்று. பழி வந்துற்றபோதே அது வெளிப்படும். இவ்வுண்மையை நகைச்சுவையினூடே புலப்படுத்தும் மெக்ஸிகோ நாட்டுப் பேசும்படம் ஒன்று உண்டு. 'தோஸ் தீப்போஸ் தே குயிதாதோ' என்பது அதன் பெயர். 'எச்சரிக்கையுடன் பழகவேண்டிய இருவர்' என்பது பொருள். 1953-ஆம் ஆண்டில் வெளிவந்த இதனை இயக்கியவர் இஸ்மாயேல் ரோத்ரீகஸ். தன் நாட்டில் பெரும் புகழ் எய்தியதாயினும், ஸ்பானிய மொழி வழங்காத நாடுகளில் இதனை அறிந்தோர் சிலரே.

அகன்ற தொப்பியணிந்த குதிரைவீரர், பண்ணை வாழ்வு, காதற் பூசல், பாட்டு ஆகியவை கலந்த நாட்டுப்புற நகைச்சுவைப் படங்கள் 1936 முதல் மெக்ஸிகோவிற் பெருகின. இப்படமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. இதன் தலைவர் இருவர்: ஹோர்ஹே புவேனோ, பேத்ரோ மாலோ. ஸ்பானிய மொழியில் 'புவேனோ' என்பது நல்லவனையும், 'மாலோ' என்பது தீயவனையும் குறிக்கும். முன்னவனாக ஹோர்ஹே நெக்ரேத்தேயும், பின்னவனாகப் பேத்ரோ இன்ஃபாந்தேயும் நடித்தனர். அந்நாளில் இசைபாடும் நடிகருள் தலைசிறந்த இவ்விருவரும் சேர்ந்து நடித்த படம் இஃதொன்றே.

ஹோர்ஹே, பேத்ரோவின் உறவினளாகிய ரோஸாரியோவைக் காதலித்தான்; பேத்ரோவோ ஹோர்ஹேயின் உடன்பிறந்தாளாகிய மரியாவை விரும்பினான். வெளியூர் சென்றிருந்த ஹோர்ஹே திரும்பியபோது, ரோஸாரியோ தன் நண்பனுக்கு மனைவியாகவும் ஒரு குழவிக்குத் தாயாகவும் இருக்கக் கண்டான். அன்பு பகையாயிற்று. ஒரு விருந்தில் இருவரும் எதிரெதிர் நின்று சிறு பாடல்களால் ஒருவரையொருவர் குத்திப் பாடுகின்றனர். வாளினும் கூரிய அப்பாட்டுப் போர் இன்றும் மெக்ஸிகோ மக்களால் வியந்து பேசப்படுவது.

உண்மை யாதெனில், ரோஸாரியோ வேறொருவனால் வன்மையாகக் கெடுக்கப்பட்டுக் கருவுற்றிருந்தாள். அவளை ஊர்ப்பழியினின்று காக்கவே பேத்ரோ அவளை மணந்தான். தன் காதலையும் துறந்தான். துரோகி என்ற பெயரையும் வாய்திறவாது ஏற்றான். தீயவன் என்னும் பெயருடையோனே நற்செயல் புரிந்தான். நல்லவன் என்னும் பெயருடையோனோ ஆராயாது வெகுண்டான்.

ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. குற்றமற்ற பெண்ணொருத்தி ஏன் அஞ்சி ஒளிய வேண்டும்? பேத்ரோவின் தியாகம் அவளைக் காத்ததேயன்றி, அவளைப் பழிக்கும் வழக்கத்தை மாற்றவில்லை. படம் சிரிப்பில் முடியினும், இவ்வினா நம் உள்ளத்தில் எஞ்சி நிற்கின்றது.

நெக்ரேத்தே அதே 1953-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் காலமானார். இன்ஃபாந்தே 1957-இல் விமான விபத்தில் மாண்டார். அவர்தம் குரல்கள் மட்டும் அப்பாட்டுப் போரில் இன்றும் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கின்றன. கண்ணாற் கண்டதைக் கொண்டே நண்பனைக் குற்றவாளியெனத் துணியுமுன், அவன் வாய்திறவாமைக்குக் காரணம் யாதென வினவுதல் நம் கடனன்றோ?