வலிக்கு ஓர் அணை

காலைக் கல்லில் இடித்துக்கொண்டால், எவரும் கற்பிக்காமலே கை அவ்விடத்தைத் தேய்க்கிறது. வலியும் சற்றுத் தணிகிறது. சிறு குழந்தையும் அறிந்த இச்செயலின் காரணம் யாது?

1965ஆம் ஆண்டில் மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர் இதற்கு விளக்கம் தந்தனர். வலிச் செய்தி மூளையை அடையுமுன் தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடக்க வேண்டும். தொடுவுணர்வு அவ்வாயிலை ஓரளவு சாத்துகிறது என்றனர். அவர்கள் வரைந்த நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தம் பெற்றன. அடிப்படைக் கருத்து நிலைத்தது.

வாயிலைச் சாத்துவது எது? தண்டுவடத்தின் சில நரம்பணுக்கள் காபா, கிளைசின் என்னும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. இவை அடுத்த நரம்பணுவின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்துகின்றன. உடனே எதிர்மின்னேற்றமுடைய குளோரைடு அயனிகள் உள்ளே புகுகின்றன. அந்நரம்பணு எளிதில் கிளர்ச்சியுறாது. மேலே செல்லும் செய்தி குறைகிறது.

இத்தடையின் இன்றியமையாமையை எட்டிக்கொட்டை உணர்த்தும். அதிலுள்ள ஸ்டிரிக்னின் என்னும் நஞ்சு கிளைசின் ஏற்பிகளை அடைத்துவிடும். தசைகளை அடக்கும் தடை நீங்க, அதனை உண்டவன் சிற்றோசைக்கும் உடல் விறைத்துத் துடிப்பான்.

வலியின் வழியிலும் தடை தளர்வதுண்டு. நரம்பு காயமுற்றபின், நரம்பணுவினின்று குளோரைடை வெளியேற்றும் புரதம் குறைவதை 2003ஆம் ஆண்டில் எலிகளில் நிகழ்ந்த ஆய்வு காட்டியது. குளோரைடு உள்ளே தேங்கினால் காபாவின் அடக்கும் ஆற்றல் குன்றும். நரம்பு காயமுற்ற மனிதர் சிலர்க்கு ஆடை உரசினும் வலிக்கிறது. புறத்தே புண் காணாத சுற்றத்தார் அதனைப் பாசாங்கு என்பர். அது பாசாங்கன்று.

அங்ஙனமாயின், காபாவுக்குத் துணைசெய்யும் மருந்து போதாதோ எனலாம். டயசிபாம் அத்தகையதே. ஆயினும் காபா ஏற்பிகள் மூளையெங்கும் பரவியிருத்தலின், வலி தணியுமுன் உறக்கமே மிகுகிறது. நாள்பட உண்டால் அதனை விடுதலும் அரிதாகிறது. காபாபென்டின் என்னும் மருந்தோ, பெயரில் காபாவைக் கொண்டிருந்தும், அவ்வேற்பிகளில் பொருந்துவதில்லை. கால்சியம் புகும் வழியில் வேலைசெய்து சிலர்க்கு நரம்பு வலியைக் குறைக்கிறது. காபா ஏற்பிகளிலும் உட்பிரிவுகள் உள. உறக்கம் தரும் பிரிவை விடுத்து, வலியை அடக்கும் பிரிவுகளை மட்டும் இயக்கும் மருந்தை ஆய்வாளர் தேடிவருகின்றனர்.

நேயர்களே, தொட்டாலே வலிக்கிறது என்பாரை நம்புங்கள். பிறர்க்கு எழுதிய உறக்க மாத்திரையை அவர்க்கு அளியாதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலியை அறிந்து நடத்தலும் அதனைத் தணிக்கும் வழிகளுள் ஒன்று.