சொறியும் நாயைத் துரத்தலாமா?

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் குழந்தைகளுக்கு முதல் தோழனாக வாய்ப்பது நாயே. அந்நாய் ஓயாது உடலைச் சொறியத் தொடங்கினால், "சொறி பிடித்த நாய்; குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும்; எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்று அண்டை வீட்டார் அறிவுரை கூறுவர். சென்ற மழைக்காலத்தில் எங்கள் குவார்ட்டர்ஸிலும் இதுவே நிகழ்ந்தது. "மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்" என்று என் மனைவி தடுத்திராவிட்டால், எங்கள் மணி இன்று எத்தெருவில் அலையுமோ!

கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார்; "இது சொறிநோய் அன்று; ஒவ்வாமை" என்றார். சொறிநோயில் ஒருவகை மனிதரையும் பற்றும். ஒவ்வாமையோ எவருக்கும் தொற்றாது. பிறருக்குத் தீங்கிழைக்காத ஒரு பொருளைப் பகையென்று கருதி உடல் போரிடுவதே ஒவ்வாமை.

நாய்களுக்கு இது பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது தெள்ளுப்பூச்சி. அதன் உமிழ்நீர் ஒவ்வாத நாய்க்குச் சில கடிகளே போதும். வாலடியிலும் பின்தொடைகளிலும் மயிர் உதிர்ந்து புண்ணாகும். இரண்டாவது, வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சிகளும் மகரந்தமும். இவற்றால் நாய் பாதங்களை ஓயாது நக்கும், முகத்தைத் தேய்க்கும், காதுகளில் அடிக்கடி அழற்சி காணும். ஆறு மாதத்திற்கும் மூன்று வயதிற்கும் இடையில் இது பெரும்பாலும் தலைகாட்டும். மூன்றாவது உணவு. மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை இதில் முக்கியமானவை. நாம் அன்போடு இடும் தயிர்ச்சோறும் சப்பாத்தியுமே சில நாய்களுக்குப் பகையாகலாம். முன்பு உண்டிராத உணவொன்றை மட்டும் எட்டு வாரம் கொடுத்து, அரிப்புத் தணிந்தபின் பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்ப்பதே இதனைக் கண்டறியும் வழி. இடையில் ஒரு பிஸ்கோத்துத் தந்தாலும் சோதனை வீணாகும்.

மணிக்கு வாய்த்தது தெள்ளுப்பூச்சி. மருத்துவர் மாதந்தோறும் தரச்சொன்ன மருந்தை, முதல் மாதத்திலேயே குணம் கண்டு நான் நிறுத்திவிட்டேன். அரிப்பு மீண்டும் வந்தது. பூச்சியின் முட்டைகள் நாயின் மேலிருந்து உதிர்ந்து படுக்கையிலும் தரையிலும் விழுகின்றன. கூட்டுப்புழுக்கள் பல வாரங்கள் மறைந்திருந்து பின் வெளிப்படும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். பின்னர் மருந்தை விடாது கொடுத்தோம், சாக்குப் படுக்கையை வெந்நீரில் துவைத்தோம், மூலைமுடுக்கெல்லாம் பெருக்கினோம்.

அன்பர்களுக்கு ஒன்று கூறுவேன். மண்ணெண்ணெய், எஞ்சின் கழிவெண்ணெய், பினாயில் ஆகியவற்றை நாயின்மேல் பூசாதீர். நக்கினால் அவை நஞ்சாகும். நாம் உண்ணும் வலி மாத்திரைகளையும் கொடுக்காதீர். தேனீ முதலியன கொட்டியபின் முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, நாய் தளர்ந்து விழுந்தாலோ, கணமும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

இன்று மணியின் உடலில் மயிர் நன்கு வளர்ந்துவிட்டது. அதை விரட்டச் சொன்ன அண்டை வீட்டாரின் பிள்ளைகளே மாலைதோறும் அதனுடன் பந்து விளையாடுகின்றனர்.