டீசல் கூட்டிய டிராக்டரில் விட்டு விட்டு மிஸ்ஸிங்: காரணம் கண்டறிவது எப்படி?

பிள்ளையார்குப்பம், பாகூர், வில்லியனூர் பகுதிகளில் சேற்றுழவு நேரத்தில் டிராக்டர் இரண்டு நாள் நின்றாலும் நாற்று முற்றிவிடும். இழுவை கூட வேண்டும் என்று டீசல் பம்பில் அளவைக் கூட்டிய வண்டிகளில், சில நாள் கழித்து விட்டு விட்டு மிஸ்ஸிங் வருவதுண்டு. அப்போது டீசலை மேலும் கூட்டாதீர்கள். காரணம் தெரியாமல் கூட்டினால் பிஸ்டன் வரை சேதம் போகும்.

ஏன் வருகிறது?

அளவு கூட்டிய பம்பு அதிக டீசலை இழுக்கும். முன்பு போதுமாக இருந்த பழைய பில்டரும் ஓஸும் இப்போது போதாமல் போகலாம். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடுவதால் முழுதாக எரியாது. கரி படிந்து இன்ஜெக்டர் நாசில் சொட்டத் தொடங்கும்.

எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

* சுமையில் மட்டும் வந்தால்: பில்டர் அடைப்பு, டீசல் வரத்துக் குறைவு.
* சிறிது நேரம் ஓடிய பின் வந்து, டேங்க் மூடியைத் தளர்த்தியதும் சரியானால்: மூடியின் காற்றுத் துளை அடைப்பு.
* கேஜ் வீல் போட்டு உழும்போது, அதிர்வில் வந்தால்: தளர்ந்த இணைப்பு வழியே காற்று நுழைதல்.
* கரும்புகையுடன் வந்தால்: டீசல் அதிகம் அல்லது ஏர் கிளீனர் அடைப்பு.
* வெள்ளைப்புகையுடன் வந்தால்: ஒரு சிலிண்டரில் டீசல் எரியாமல் வெளியேறுகிறது.

வரிசையாகச் சோதியுங்கள்

1. பில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். பில்டர் பழையது என்றால் மாற்றி, காற்றை வெளியேற்றுங்கள்.

2. சுத்தமான டீசல் கேனை பம்பைவிட உயரத்தில் வைத்து, தனி ஓஸ் மூலம் பில்டருக்குக் கொடுத்து ஓட்டுங்கள். மிஸ்ஸிங் நின்றால் கோளாறு டேங்குக்கும் பில்டருக்கும் இடையில்தான்.

3. நிற்காவிட்டால், மிஸ்ஸிங் இருக்கும்போதே இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்தி, உடனே முடுக்குங்கள். எந்த நட்டைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு.

4. அந்த இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். கோளாறும் கூடவே போனால் இன்ஜெக்டர்தான் காரணம். அதே சிலிண்டரில் நின்றால் பம்பு, வால்வு அல்லது கம்ப்ரஷனைப் பார்க்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

எச்சரிக்கை

நட்டைத் தளர்த்தும்போது கண்ணாடி அணியுங்கள். கையை டீசல் பீச்சும் வழியில் வைக்காதீர்கள். அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு டிரெம் 4 புகை விதி வந்துள்ளது. காமன் ரெயில் உள்ள வண்டிகளில் அழுத்தம் மிக அதிகம். அவற்றில் மூன்றாவது, நான்காவது சோதனைகளைச் செய்யவே கூடாது. கம்பெனி சர்வீஸில் காட்டுங்கள்.

கோளாறு கிடைத்துச் சரியானாலும், பம்பைச் சோதனை மேடை உள்ள பம்பு கடையில் கொடுத்து, கம்பெனி அளவுக்கே திருப்பி வையுங்கள். இழுவை போதவில்லை என்றால் ரோட்டவேட்டரின் ஆழத்தைக் குறைத்து, இன்னொரு சால் ஓட்டுங்கள். இன்ஜினைத் திருப்பிக் கட்டும் செலவைவிட அது குறைவு.