விளையாட்டை விட்டு அவள் ஏன் போக வேண்டும்?

ஆன்லைன் விளையாட்டில் ஒரு பெண்ணை யாரோ ஆபாசமாகத் திட்டினால், அவளுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை "அந்த விளையாட்டே வேண்டாம், விட்டுவிடு" என்பதுதான். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அதனால் வெளியேறுவது திட்டு வாங்கியவள். திட்டியவன் அங்கேயே இருக்கிறான். இந்த அநீதியை நேராக எடுத்துப் பேசும் சில நல்ல இளையோர் நாவல்கள் அமெரிக்காவில் வந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு முன்னால் பெற்றோர் படிக்க வேண்டியவை அவை என்பேன்.

எரிக் ஸ்மித்தின் 'டோன்ட் ரீட் தி கமென்ட்ஸ்' 2020இல் வெளிவந்தது. நாயகி திவ்யா சர்மா, தான் விளையாடுவதை நேரலையில் காட்டிப் பெயர் பெற்றவள். அதனால் வரும் விளம்பர ஆதரவைக் கொண்டுதான், தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் தாய்க்கு வாடகை கட்ட உதவுகிறாள். ஒரு கும்பல் அவளை விரட்டக் கிளம்புகிறது; அந்தரங்க விவரங்களை ஊரறிய வெளியிட்டு மிரட்டும் அளவுக்குப் போகிறது. இவளை விளையாட்டை விடச் சொன்னால், வீட்டுக்கு வரும் வருமானத்தையும் சேர்த்தே விடச் சொல்கிறோம். கதை மிகை என்று கருதுகிறவர்கள் 2014ஐ நினைத்துப் பார்க்கலாம். விளையாட்டுத் துறைப் பெண்கள்மீது 'கேமர்கேட்' வெறுப்பு அலை வீசிய ஆண்டு அது. வீடியோ விளையாட்டுகள் பெண்களைக் காட்டும் விதத்தை விமர்சித்துவந்த அனிதா சர்கீசியன், யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேசவிருந்தார். கூட்டத்தில் படுகொலை நடக்கும் என்று மிரட்டல் வந்தது. அந்த மாநிலச் சட்டப்படி, உரிமம் உள்ளவர்கள் அரங்குக்குள் துப்பாக்கி கொண்டுவருவதைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் அவர் உரையை ரத்து செய்தார். ஏதோ சில விஷமிகளின் வேலை என்று இதை ஒதுக்கவும் முடியாது. ஆன்டி-டிஃபமேஷன் லீக் என்ற அமைப்பு 2019இல் எடுத்த ஆய்வில், ஆன்லைனில் பிறரோடு விளையாடும் வயதுவந்த அமெரிக்கர்களில் 74 சதவீதம் பேர் ஏதோ ஒருவகைத் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள்.

விளையாட்டை விட்டால் அங்கே கிடைத்த நட்பும் போகும். முகம் பாராத நட்பெல்லாம் ஒரு நட்பா, அது போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்க்காமலே பழகியதைப் பெருமையாகச் சொல்லும் நாம் அப்படிக் கேட்கலாகாது. பிரிட்னி மோரிஸின் 'ஸ்லே' நாவலில் 17 வயது கியரா, கறுப்பின மாணவர் மிகச் சிலரே உள்ள பள்ளியில் படிப்பவள். கறுப்பினத்தவருக்கென்று ஓர் ஆன்லைன் விளையாட்டை ரகசியமாக உருவாக்கியிருக்கிறாள். வீட்டாருக்கும் காதலனுக்கும் மறைத்த இந்த ரகசியம், பாரிஸில் இருக்கும் இணையத் தோழிக்குத் தெரியும்.

இவற்றில் எனக்கு மேலாகத் தோன்றுவது, கோரி டாக்டரோ எழுதி ஜென் வாங் வரைந்த 'இன் ரியல் லைஃப்' (2014) என்ற சித்திர நாவல். இங்கே துன்புறுத்துகிறவளே நாயகிதான். விளையாட்டுக்குள் தங்கம் சேர்த்து வெளியே விற்பவர்களை விளையாட்டுக்குள்ளேயே தேடிக் கொல்லச் சிறுமி ஆண்டா காசு வாங்குகிறாள். விதியை மீறுகிறவர்களைத்தானே தண்டிக்கிறோம் என்ற நம்பிக்கை அவளுக்கு. அவர்களில் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்த பிறகுதான், அவன் சீனாவில் கூலிக்காக நாள் முழுதும் விளையாடும் 16 வயதுப் பையன் என்று தெரிகிறது. நட்பாகிறார்கள். உரிமை கேட்டுப் போராடு என்று அவள் சொல்ல, அதைக் கேட்ட அவன் வேலையை இழக்கிறான். நல்லெண்ணமும் காயப்படுத்தும் என்பதை மறைக்காத இந்த நேர்மை இளையோர் நாவல்களில் அபூர்வம். தன் பிள்ளை திட்டு வாங்குமோ என்று அஞ்சும் பெற்றோர், அந்தப் பிள்ளையே திட்டுகிற கூட்டத்தில் இருக்கலாம் என்பதை நினைப்பதில்லை.

எதிர்த்து நிற்கும் நாயகிகளைக் காட்டுவது ஆபத்தில்லையா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2017 டிசம்பரில், 'கால் ஆஃப் டியூட்டி' விளையாட்டில் ஒன்றரை டாலர் பந்தயத்தால் வந்த தகராறு, பொய்ப் புகார் கொடுத்துக் காவல்துறையை அனுப்புவதில் முடிந்தது. கான்சாஸின் விச்சிட்டா நகரில், அந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத ஒருவர் தன் வீட்டு வாசலில் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் விளையாடவே இல்லை; அப்படி ஒதுங்கியிருப்பதும் காப்பாற்றுவதில்லை. ஆனால் தனி ஒருத்தியின் துணிச்சலை மட்டும் நம்பும் கதை பாதி உண்மையைத்தான் சொல்கிறது. 'ஸ்லே' இதில் ஒரு படி முன்னே நிற்கிறது. அங்கே விளையாட்டுக்குள் நுழைந்து மிரட்டும் வம்பனைச் சமாளிக்க வேண்டியவள் விளையாட்டை உருவாக்கியவளே. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியேற்றுவது என்ற முடிவு அவள் கையில். கோடிகளில் சம்பாதிக்கும் நிறுவனங்களுக்கும் இதே அதிகாரம் இருக்கிறது. விட்டுவிடு என்ற சொல்லை அவர்கள் திட்டுகிறவனிடம் சொல்லட்டும்.