எலும்பு கூடியாச்சு, வலி போகலையே!

உடம்பில் கட்டு இருக்கும் வரை ஊரே வந்து விசாரிக்கும். ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வீடு நிறையும். கட்டைப் பிரித்த மறுநாளிலிருந்து, "எல்லாம் சரியாயிடுத்தோல்லியோ?" என்ற ஒரே கேள்விதான். "இன்னும் வலிக்கிறதே" என்று சொல்லிப் பாருங்கள், கேட்டவர் முகமே மாறிவிடும்!

மாட வீதியில் மோட்டார் சைக்கிள் மோதி என் தொடை எலும்பு முறிந்து நான்கு வருஷமாகிறது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சாயங்காலமானால் இடுப்பிலிருந்து முழங்கால் வரை நெருப்பாய் எரியும். "எல்லாம் மனப்பிரமை" என்று உறவிலேயே ஒருவர் சொன்னார்.

பிரமையே இல்லை, சகோதரிகளே! மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்று டாக்டர்கள் தனியாகவே கணக்கு வைத்திருக்கிறார்கள். புண் ஆறினாலும், நரம்பும் மூளையும் அபாய மணியை நிறுத்துவதில்லையாம். திருடன் போன பிறகும் குரைத்துக்கொண்டே இருக்கும் நாய் மாதிரிதான்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போனவர் டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்டவர்களில் பலருக்கு, இல்லாத அந்தக் கையிலேயே வலி இருக்கும். விரல்களை இறுக மூடிக்கொண்டு பிரிக்க முடியாத மாதிரித் தவிப்பார்கள். 1990-களில் அவர் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியைக் குறுக்கே நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி விரலைப் பிரிக்கச் சொன்னார். சிலருக்கு வலி தணிந்தது. எல்லோருக்கும் பலிப்பதில்லைதான். ஆனால் இல்லாத கையே வலிக்குமென்றால், இருக்கிற கால் வலிக்காதா என்ன?

"சுதா சந்திரன் காலை இழந்தும் ஆடினாரே, உனக்கென்ன?" என்பார்கள். 1981-ல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்துக்குப் பின் வலது காலை இழந்தவர் அவர். ஜெய்ப்பூர் கால் பொருத்தி மறுபடி மேடையேறியது 1984-ல். நடுவே போன வருஷங்களை யாரும் பேசுவதில்லை. நிற்கப் பழகி, நடக்கப் பழகி, ரத்தம் கசியக் கசிய அடவு பழகின காலம் அது. அவசரப்படுத்துகிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லட்டுமே!

எனக்குப் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன்:

ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த வேலைக்குப் பிறகு, எத்தனை மணிக்கு, பத்துக்கு எத்தனை வலி என்று இரண்டு வாரம் எழுதினால் எது ஆகாது என்பது தெரிந்துவிடும். டாக்டரிடமும் காட்டலாம்.

வலி குறைந்த நாளில்தான் ஜாக்கிரதை வேண்டும். "இன்னிக்கு நன்னாயிருக்கே" என்று பரணைச் சுத்தம் செய்து, போர்வையெல்லாம் துவைத்தால் அடுத்த மூன்று நாள் படுக்கைதான். இருபது நிமிஷ வேலை, ஐந்து நிமிஷ ஓய்வு. காய் நறுக்குவது நாற்காலியில் உட்கார்ந்து. கிரைண்டர் குழவியைத் தூக்குவது என் கணவர்.

அசையாமல் கிடந்தால் தசை இறுகி வலி கூடும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்த பயிற்சியைத் தினமும் செய்கிறேன். நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒரு சுற்று, பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து இன்னொரு சுற்று. வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் வசதி உண்டு. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

கடையில் தானாக வலி மாத்திரை வாங்கி மாசக்கணக்கில் விழுங்காதீர்கள். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நரம்பு வலிக்கு மனச்சோர்வு, வலிப்பு மருந்துகளையே டாக்டர்கள் தருவதுண்டு. பெயரைப் பார்த்து, "எனக்கென்ன பைத்தியமா?" என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்னுமா வலிக்கிறது?" என்று கேட்காமல், "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பதிலை நம்புங்கள். நம்பிக் கேட்கும் வீட்டில், மருந்தும் பயிற்சியும் விடாமல் நடக்கும்.